நடுவட்டத்தில் ஒரு கைகுலுக்கல்

எங்கள் காற்பந்து லீக்கின் விதிகளை வகுத்த பெரியவர்கள், மனிதன் செய்யக்கூடிய குற்றங்கள் எல்லாம் நான்கு வெள்ளைக் கோடுகளுக்குள், ஒரு நடுவரின் கண் முன்னே நடந்து முடிந்துவிடும் என்று உறுதியாக நம்பியிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே நடப்பது வாழ்க்கை. அதற்கு விதி கிடையாது. இந்த நம்பிக்கையோடு மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்ட அணிகளும் பட்டணத்து அணிகளும் பல பருவங்கள் மோதிக்கொண்டன. ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் உண்டு, ஆட்டத்துக்கு ஊதியம் உண்டு, பதாகையில் 'தொழில்முறை' என்ற சொல்லும் உண்டு. அந்தச் சொல் மட்டும் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

நான் அந்த லீக்கின் அறிவிப்பாளர். பல்கலைக்கழக மேடைகளில் சொற்போர் புரிந்து, கோப்பைகளை வீட்டு அலமாரி தாங்காத அளவுக்குக் கொண்டுவந்தவள். லீக்கின் செயலாளர் என் தாய்மாமா. சுங்கைப்பட்டாணியில் டயர் கடை வைத்திருக்கிறார். செயற்குழு கூடுவது அந்தக் கடையின் பின்னறையில், அடுக்கிய டயர்களுக்கு நடுவில். தீர்மானங்களில் எல்லாம் லேசாக ரப்பர் வாடை அடிக்கும்.

ஒரு நாள் ஓர் அக்கா கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மாமா வழக்கம்போல ஆளைப் பார்க்காமல், எந்தக் காருக்கு டயர் என்ற நினைப்பில் கேட்டார்.

"என்ன காடிம்மா?"

"காடி இல்லண்ணே. புருஷன்."

மாமா நிமிர்ந்தார். வந்தவர் லீக்கின் புகழ்பெற்ற முன்னணி ஆட்டக்காரரின் மனைவி. காதுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

"அடிக்கிறாருண்ணே. இப்ப இல்ல, ரொம்ப நாளா. போலிஸ்ல ரிப்போட் போட்டுட்டேன். தங்கச்சி வீட்டுல, கரங்கான்ல இருக்கேன். கோர்ட்ல பாதுகாப்பு ஆர்டர் கேட்டிருக்கோம். அடுத்த திங்கக்கெழம கூப்புட்டிருக்காங்க."

"அதுக்கு லீக் என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். உங்க ஆளுங்க மாத்தி மாத்தி வந்து சமாதானம் பேசுறாங்க. திங்கக்கெழம வரைக்கும் யாரும் வராதீங்க. அவரும் வரக் கூடாது. சமாதானம் ஆயிட்டோம்னு அவரு கோர்ட்ல ஒரு பேப்பர் காட்டிட்டா, திரும்ப அந்த வீட்டுக்குத்தான் நான் போகணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஓர் அமைப்பிடம் ஒன்றும் செய்யாதீர்கள் என்று கேட்பதைவிட எளிய வேண்டுகோள் உலகில் இருக்க முடியாது. ஆனால் எங்கள் செயற்குழு, செய்யச் சொன்னால் தூங்கும். செய்யாதே என்றால் அன்று மாலையே அவசரக் கூட்டம் போடும்.

கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை. அவர் லாரிகள் வைத்து நடத்தும் குத்தகைக்காரர்; குற்றம் சாட்டப்பட்டவர் ஆடும் அணியின் உரிமையாளரும் அவரே. ஆகவே நடுநிலை காக்கும் பொருட்டுக் கூட்டத்திலிருந்து விலகியிருப்பதாக அறிவித்தார். விலகி, கடை வாசலில் நின்ற தம் காடிக்குள் குளிர்ச்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கைப்பேசி வழியாகக் கூட்டத்தை நடத்தினார். மாமா தம் கைப்பேசியை ஒரு டயரின் நடுவில் நிமிர்த்தி வைத்திருந்தார். டயருக்குள்ளிருந்து தலைவரின் குரல் அசரீரி போல வந்தது.

"நான் கூட்டத்துல இல்ல, சரியா? ஆனா எந்த ரூல்ல போடப் போறீங்க?"

அதுதான் சிக்கல். விதிகளில் வீடு என்ற சொல்லே இல்லை. நெடுநேரம் தேடி, மிக நெருக்கமான ஒன்றைக் கண்டார்கள்: பந்து இல்லாத இடத்தில் மற்றொருவரைத் தாக்குதல். சமையலறையில் பந்து இல்லை என்பதை எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். தண்டனை, மூன்று ஆட்டத் தடை. ஆனால் அந்த விதிப்படி நடுவரின் அறிக்கை வேண்டும். சம்பவத்தின்போது சமையலறையில் நடுவர் இல்லை. ஆகவே இப்போது ஒருவரை அனுப்புவது என்று முடிவாயிற்று.

அனுப்பப்பட்டவர் லீக்கின் தலைமை நடுவர். ரப்பர் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. சிரித்து நான் பார்த்ததில்லை. பெண் ஒருத்தி உடனிருக்க வேண்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். கணவர் பயிற்சிக்குப் போயிருந்த வேளையாகப் பார்த்து, அக்கா தம் துணிமணிகளை எடுக்க, மெர்போக்கில் இருவரும் வாழ்ந்த வீட்டுக்கு வந்திருந்தார். நடுவர் முழுச் சீருடையில் வந்தார்: கறுப்புச் சட்டை, முழங்கால்வரை காலுறை, கழுத்தில் விசில். வாசலில் காலணியைக் கழற்றினார், காலுறையைக் கழற்றவில்லை.

கேஸ் அடுப்பிலிருந்து கதவு வரை அடிவைத்து அளந்தார். பிறகு கேட்டார்.

"நீங்க எங்க நின்னீங்க?"

"இங்க. சாதம் வடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அவரு முன்னாலேர்ந்து வந்தாரா, பக்கத்திலேர்ந்தா?"

"பின்னாலேர்ந்து சார்."

நடுவர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"பின்னாலேர்ந்து வந்தா நேரா செவப்பு அட்டைம்மா," என்றார். "அதுல பேச்சே கெடையாது."

இத்தனை நாளில் அக்காவிடம் தீர்ப்பு என்று ஒன்றைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கலக்கப் போனார். நடுவர் ஏற்கவில்லை. விசாரணையில் இருக்கும் இரு தரப்பிலும் எதுவும் குடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. போகும்போது மட்டும் கதவைக் காட்டி, "இந்தத் தாப்பா சரியில்ல. தங்கச்சி வீட்டுலயும் நல்ல தாப்பாவா பாத்துப் போட்டுக்குங்க," என்றார்.

அறிக்கை வந்தது. மூன்று ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. கூட்டத்தில் கைதட்டினார்கள். அப்போதுதான் டயருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சனிக்கெழம செமி ஃபைனல்லா. பெரிய கிளப்புலேர்ந்து ஆள் பாக்க வராங்க. என் ஸ்ட்ரைக்கர் இல்லாம எப்படி? அதுக்குள்ள மூணு ஆட்டம் வைங்க."

வைத்தார்கள். புதன்கிழமை மாலை, யான் என்னும் வட்டாரத்தில், வயல் ஓரத்து பாடாங் எனப்படும் திடல் ஒன்றில், நெல் ஆலைத் தொழிலாளர்களின் மூத்தோர் அணியோடு மூன்று நட்புமுறை ஆட்டங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். தடை விதிக்கப்பட்டவர் ஆடாமல் இருந்தால்தான் தடை கழியும் என்பதால், முன்னணி ஆட்டக்காரர் முறைப்படி அழைத்து வரப்பட்டு, முறைப்படி ஆடாமல், ஒரு மரத்தடியில் அமர்ந்து நாசி லெமாக் சாப்பிட்டார். மூத்தோர் அணியில் ஒருவருக்கு இரண்டாம் ஆட்டத்திலேயே மூச்சு வாங்கியது. மூன்றாம் ஆட்டத்தில் கோல் கீப்பர் தொழுகைக்குப் போய்விட்டதால் வலை காலியாகவே இருந்தது. அப்படியும் எவரும் கோல் அடிக்கவில்லை. இறுதி விசில் ஒலித்ததும் நான் என் கடமையைச் செய்தேன்: "இத்துடன் ஆட்டக்காரரின் தண்டனைக் காலம் இனிதே நிறைவுற்றது." இனிதே என்ற சொல்லில் நான் வைத்த நஞ்சு யாருக்கும் உறைக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. ஆட்டக்காரர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் இதே பொருளில் நான் வாதிட்டிருக்கிறேன். உலகின் பெரிய லீக்குகள், வீட்டில் கைநீட்டிய ஆட்டக்காரரை எப்படி நடத்த வேண்டும் என்பது தலைப்பு. நீதிமன்றத் தீர்ப்புக்கு லீக் காத்திருக்க வேண்டும் என்று காலையில் வாதிட்டு வென்றேன். காத்திருக்கக் கூடாது என்று மாலையில் வாதிட்டு வென்றேன். அதற்காகப் படித்தபோது கண்டது இதுதான்: அங்கேயும் முதலில் ஓர் அறிக்கை விடுவார்கள், விவகாரம் தங்கள் கவனத்துக்கு வந்துள்ளது என்று. பிறகு உள்விசாரணை. பிறகு தடை. அந்தத் தடை எப்படியோ முக்கியமான ஆட்டத்துக்குச் சற்று முன்பாக முடியும். எங்கள் லீக் அவர்களுக்கு எந்த வகையிலும் இளைத்ததல்ல. அவர்களிடம் வழக்கறிஞர் படை இருக்கிறது. எங்களிடம் யானின் மூத்தோர் அணி இருந்தது.

தடை கழிந்தும் தலைவருக்கு நிம்மதி இல்லை. பார்க்க வரும் பெரிய கிளப்புக்குக் கறை படிந்த ஆட்டக்காரர் வேண்டியதில்லை. போலிஸ் புகார் நிலுவையில் இருக்கிறது. எனவே அவர் எங்கள் லீக்கின் பழைய வழக்கம் ஒன்றைக் கையில் எடுத்தார்.

இரு அணிகளுக்குள் பகை மூண்டால், அடுத்த ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவர்களும் மைதானத்தின் நடுவட்டத்துக்கு வருவார்கள். இருவருக்கும் சம்மதமா என்று நடுவர் கேட்பார். தலையசைப்பார்கள். அணிச் சின்னம் தைத்த சிறு கொடிகளை மாற்றிக்கொண்டு கைகுலுக்குவார்கள். அத்தோடு புகார் முடிந்தது என்று லீக் ஒரு கடிதம் கொடுக்கும். சம்மதமில்லை என்று ஒருவர் சொன்னால், யார்மேல் புகாரோ அவர் மைதானத்தைவிட்டு வெளியேறினால்தான் ஆட்டம் தொடங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே ஒருமுறை கூலிம் பக்கத்து அணித் தலைவர் ஒருவர் அப்படிச் சொல்லி, எதிரணித் தலைவர் வெளியேறிய கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதை இப்போது புருஷன் பெண்டாட்டிக்குப் பொருத்தினார்கள். மாமா எனக்கு நிகழ்ச்சிநிரலை விளக்கினார்.

"ரெண்டு பேரும் நடுவுல வருவாங்க. ரெஃப்ரி கேப்பாரு. அவரு தலைய ஆட்டுவாரு. நீ 'இருவரும் இணங்கினர்'னு அறிவிச்சிடு. நல்ல தமிழ்ல, கொஞ்சம் உருக்கமா."

"அக்கா தலையாட்ட வேணாமா மாமா?"

"அவங்களுக்கும் சேத்து அவரே ஆட்டிடுவாரு. பொம்பளப் புள்ள, அத்தன பேரு முன்னால கூச்சமா இருக்கும்லா."

"வரலன்னா?"

"வராத டீம் தோத்த டீம். வாக் ஓவர். புகார வாபஸ் வாங்கிட்டாங்கன்னு கடிதம் குடுத்திடுவோம்."

மாமா கெட்டவர் அல்லர். என்னிடம் முகம் பார்த்துப் பேசாமல், ஒரு வால்வைத் திருகிக்கொண்டே பேசினார். இது அவருக்கே உறுத்துகிறது என்று தெரிய அது போதும் எனக்கு.

அன்று மாலை அக்கா கைப்பேசியில் கூப்பிட்டார். சேதி போயிருந்தது.

"தங்கச்சி, நான் வரலன்னா பேப்பர் குடுத்திடுவாங்களாம்."

"ஆமாக்கா."

"வந்து கை குடுத்தாலும் அதே பேப்பர்தானே."

"அதேதான்."

"அப்ப என்னத்துக்கு என்னைக் கூப்புடுறாங்க?"

"போட்டோ எடுக்கக்கா."

எதிர்முனையில் அக்கா வேலைசெய்யும் தொழிற்சாலையின் சங்கு ஊதியது. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டு நான் சொன்னேன்.

"ரெஃப்ரி சம்மதமான்னு கேக்கணும்கா. அது முறை. மைக் என் கையிலதான் இருக்கும்."

"எங்கிட்ட நீட்டுவியா?"

"நீட்டுறேன்."

"மாத்திப் பேச மாட்டியே? மேடையில ரெண்டு பக்கமும் பேசுவேன்னு உங்க மாமா பெருமையா சொன்னாரு."

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்ததா, பயம் இருந்ததா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. "ஒரு பக்கந்தான்கா," என்றேன். சொற்போரில் எதிரணி கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு சுருக்கமாக விடை சொன்னதில்லை.

சனிக்கிழமை. மெர்போக்கில் ரப்பர் மரங்கள் மூன்று பக்கம் சூழ்ந்த தோட்டத்து பாடாங். ஜெராய் மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கிகள் கோவிலிலிருந்து இரவல் வாங்கியவை. திருவிழாவில் மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கவென்றே வாங்கப்பட்டவை. மெல்லப் பேச அவற்றுக்குத் தெரியாது. தலைவர் நடுநிலையைத் தொடர்ந்து காத்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்திய காடிக்குள் இருந்தார். பெரிய கிளப்பின் ஆள்கள் கூடாரத்தில் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தங்கையோடு வந்தார். காலை வேலைநேரம் முடிந்து நேரே வந்ததால் தொழிற்சாலைச் சட்டையோடு இருந்தார். அப்போதுதான் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. கணவர் கையில் அணிக் கொடி இருந்தது. மாற்றிக்கொள்ள அக்காவிடம் கொடி இல்லை; அவருக்கு அணியே இல்லை. செயற்குழு பதறியது. கொடுக்காமல் வாங்கினால் கைகுலுக்கல் செல்லாது என்று ஒருவர் வாதிட்டார். மாமா காடிக்கு ஓடி, தம் டயர் கடையின் நாள்காட்டியைச் சுருட்டிக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார்.

"இதக் குடுங்கம்மா. ஒரு முறைக்கு."

அக்கா அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

நடுவட்டத்தில் நால்வர் நின்றோம்: நடுவர், கணவர், அக்கா, நான். ஆட்டக்காரர்கள் இரு வரிசையாகக் காத்திருந்தார்கள். நடுவர் விசில் ஊதினார்.

"ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

கணவர் தலையசைத்தார். சற்று நிறுத்தி, இன்னொரு முறை அசைத்தார். அந்த இன்னொரு அசைப்பு மனைவிக்காக. நான் ஒலிவாங்கியை உயர்த்தினேன். முதல் நாள் முழுவதும் ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். உவமைகள் ஒழுங்காக நின்றன, முடிவில் கூட்டம் எழுந்து நிற்க வேண்டிய இடம்கூடக் குறித்திருந்தேன். அதில் ஒரு சொல்லையும் பேசவில்லை.

"ஒருவரின் சம்மதம் தெரிந்தது. மற்றவரிடம் கேட்போம்," என்று சொல்லி ஒலிவாங்கியை நீட்டினேன்.

"சம்மதம் இல்ல," என்றார் அக்கா.

கோவில் ஒலிபெருக்கிகள் அதை வாங்கி மரங்களின் மேல் எறிந்தன. மலைப் பக்கமிருந்து அது தேய்ந்து திரும்பி வந்தது. கூடாரத்தில் ஒருவர் உறிஞ்சு குழாயை வாயிலிருந்து எடுத்தார். கணவர் சிரித்த முகம் மாறாமல், மனைவியின் காதோரம் குனிந்து, பல்லுக்குள் பேசினார்.

"கையக் குடுடி. எல்லாரும் பாக்கிறாங்க. வீட்டுக்கு வா, ஒனக்கு இருக்கு இன்னைக்கு."

ஒலிவாங்கி இன்னும் அக்காவின் வாயருகேதான் இருந்தது. கோவில் ஒலிபெருக்கிகளுக்கு மெல்லப் பேசத் தெரியாது என்று முன்பே சொன்னேன்.

ஆட்டக்காரர்கள், கூடாரத்தில் இருந்தவர்கள், பலகாரக் கடைக்காரர்கள், ரப்பர் மரத்தடியில் மோட்டார் சைக்கிள்களின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அக்கா பின்வாங்கவில்லை. நாள்காட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது நடுவரின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிவைப் பார்த்தேன். நான்கு கோடுகளுக்குள். அவர் கண் முன்னே. அவர் காது கேட்க. விதிகளை வகுத்தவர்கள் கனவு கண்ட குற்றம் கடைசியில் முறைப்படி நிகழ்ந்துவிட்டது. அளக்கத் தேவையில்லை, அறிக்கை தேவையில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டு, சிவப்பு அட்டையை எடுத்து, கை முழுவதும் நீளும்படி உயர்த்தினார்.

"மெரட்டல் பேச்சு," என்றார். "வெளிய போங்க."

"சார், இது என் பெண்டாட்டி சார்."

"பாடாங்ல பெண்டாட்டி, மச்சான்லாம் கெடையாது. வெளிய."

மாமாவின் சட்டைப் பைக்குள்ளிருந்து தலைவரின் குரல் கேட்டது. "யாருலா மைக்க ஆஃப் பண்ணாம வச்சது?"

"நம்ம புள்ளதான் தலைவரே," என்றார் மாமா. பிறகு, என்னைப் பார்க்காமலே, "நல்லாத்தான் புடிச்சிருக்கா," என்றார்.

கணவர் வெளியேறினார். பெரிய கிளப்பின் ஆள்கள் இடைவேளைக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்பதை அறிவிப்பாளராகிய நானே மறந்துவிட்டேன். லீக்கால் கடிதம் கொடுக்க முடியவில்லை. வாக் ஓவர் என்று சொல்ல முடியாது, அக்கா வந்தார். கைகுலுக்கல் என்று சொல்ல முடியாது, ஒரு தோட்டமே சாட்சி.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் கணவர் காட்டுவதற்கு எந்தக் காகிதமும் இல்லை. பாதுகாப்பு ஆணை கிடைத்தது. அக்கா எனக்கு அனுப்பிய குரல்பதிவில், "கெடச்சிருச்சு தங்கச்சி. இப்பத்தான் வெளிய வந்தேன். பசியாறப் போறோம்," என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பின்னால் கரங்கான் வீட்டுக்கு ஒருநாள் போயிருந்தேன். கதவில் புதிய, கனமான தாழ்ப்பாள் இருந்தது. உட்பக்கச் சுவரில் மாமாவின் நாள்காட்டி தொங்கியது. "தேதி பாக்க ஒண்ணு வேணும்லா," என்றார் அக்கா.

மிரட்டல் பேச்சுக்காகக் கணவருக்கு மீண்டும் மூன்று ஆட்டத் தடை. தலைவர் மீண்டும் யானில் மூன்று நட்புமுறை ஆட்டங்கள் வைத்தார். இம்முறை மூத்தோர் அணி வரவில்லை; அறுவடை என்றார்கள். எதிரணி வராத ஆட்டத்தில் ஆடாமல் இருப்பது தண்டனையாகுமா என்ற கேள்வி இன்றளவும் டயர்களுக்கு நடுவே விவாதிக்கப்பட்டு வருகிறது. தலைவர் நடுநிலையோடு காடியில் காத்திருக்கிறார்.

நான் செயற்குழுவிடம் ஒரு யோசனை முன்வைத்தேன்: இத்தகைய புகார் வந்தால் லீக் சமாதானம் பேசக் கூடாது, ஆட்டக்காரரை நிறுத்திவைத்துவிட்டு, புகார் கொடுத்தவரை விட்டு விலகி நிற்க வேண்டும், அவ்வளவே. எழுந்து நின்று பேசினேன். கைதட்டினார்கள். நிராகரித்தார்கள். அதற்குப் பதிலாக வேறொரு புதிய விதியை நிறைவேற்றினார்கள். அதை நல்ல தமிழில் எழுதித் தரும் பொறுப்பு எனக்கே வந்தது: நடுவட்டத்தினுள் ஒலிவாங்கி அனுமதிக்கப்படமாட்டாது.

பிழையின்றி எழுதிக் கொடுத்தேன். ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டும்படி பேசப் பழக்கப்பட்டவள் நான் என்பதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.